பச்சைச் சதுரம்

காலைக் காபியிலிருந்து அந்த மனுசன் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது மணி பத்தேகால். நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, பழைய செய்தித்தாளில் போட்டபடி ஹில்டா சாப்பாட்டு மேசையிலிருந்து தன் கணவர் இருதயராஜின் முதுகைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிற முதுகு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில் பனியனோடு உட்காருகிற மனுசன் இன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதுவே ஒரு சந்தேகம். முதுகுக்கு அந்தப் பக்கம் கம்பெனி கொடுத்த பெரிய திரை. திரையில் ரோஸும் ஊதாவுமாக ஏதோ சிந்திக்கிடக்கிறது, சர்ச் திருவிழாவுக்குக் கட்டின கலர்த் தாள் மழையில் நனைந்து சாயம் இறங்கின மாதிரி. அதைப் பெரிசாக்குகிறார், சின்னதாக்குகிறார், ஓரத்துக்குப் போகிறார், திரும்ப அதே இடத்துக்கு வருகிறார். பல் இடுக்கில் மாட்டின நாரை நாக்கு விடாமல் போய்த் தொடுமே, அப்படி. இவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் படம் மறைந்து கட்டம் கட்டமாக எழுத்து வந்துவிடுகிறது. உட்கார்ந்தால் படம் திரும்ப வந்துவிடுகிறது. ஃபிரிஜுக்குப் பக்கத்து ஷோகேஸ் கண்ணாடியில் எல்லாம் விழுகிறது என்பது அந்த அறிவாளிக்குத் தெரியாது. எந்த விளக்கை எங்கே போட்டால் என்ன தெரியும் என்று வீட்டைப் பெருக்குகிறவளுக்குத்தான் தெரியும். இன்னும் எத்தனை இருக்கிறது. மூன்று வருஷமாகச் சொல்லியும் நடக்காத எக்சாஸ்ட் ஃபேனை சனிக்கிழமை ஆளைக் கூப்பிட்டு மாட்டியாயிற்று. ஞாயிறு மதியம் ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது, வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே அன்றைக்குக் காலைப் பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றபோது, எப்போதும் பஸ் கண்டக்டருக்குத் தலையாட்டுகிற மாதிரி ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்கிறவர், இவள் கையைப் பிடித்தார். பிடித்துவிட்டு விடவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆம்பிளை காரணமில்லாமல் நல்லவனாகிறான் என்றால் ஒன்று அவன் ஏதோ செய்திருக்கிறான், அல்லது அவன் பெண்டாட்டிக்கு ஏதோ ஆகியிருக்கிறது. இவர் எதையும் செய்கிற ஜாதி இல்லை. அப்படியானால் மிச்சம் இரண்டாவதுதான்.

ரிப்போர்ட் வெள்ளிக்கிழமையே வந்திருக்க வேண்டும். போன வாரம் திங்கட்கிழமைதான் இடது மார்பில் அந்தக் கட்டிக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள், வலிக்கவில்லை, சத்தம்தான், ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம். நாலு தடவை. கூரையில் மின்விசிறியின் இறக்கையில் படிந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டு இவள் எண்ணினாள். நாலாவதற்கு அந்தச் சின்ன வயசு லேடி டாக்டர், ஒன்று ஒடிந்துவிட்டது, பரவாயில்லை என்று பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சொன்னாள். இவளிடம் சொல்லவில்லை, இவள் சதைதான் ஒடிந்தது, ஆனால் இவளிடம் சொல்லவில்லை. அந்த லேபுக்குப் போகலாம் என்றதே இருதயராஜ்தான், நம்ம ஆளுங்க, நம்ம சாஃப்ட்வேர்தான் அங்கே ஓடுது என்று ஏதோ மாமியார் வீடு மாதிரி பெருமை. என்ன சாஃப்ட்வேர் என்று போன வருஷம் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் தட்டையும் கரண்டியையும் நகர்த்தி நகர்த்தி விளக்கினார். கண்ணாடிச் சில்லில் ஒட்டின சதையை ஒரு மெஷின் படம் பிடிக்குமாம். ஒரே படம், ஆனால் அச்சுப் போட்டால் நம்ம ஹாலை மூடிவிட்டுப் படிக்கட்டு வரை போகுமாம், அவ்வளவு பெரிசு. முழுசாகத் திறந்தால் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதனால் தரைக்கு ஓடு பதிக்கிற மாதிரி லட்சம் துண்டாக வெட்டி வைத்துவிட்டு, டாக்டர் எந்த இடத்தைப் பார்க்கிறாரோ அந்தத் துண்டை மட்டும் எடுத்துக் கொடுக்கும், கேட்காத துண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். உங்களை மாதிரின்னு சொல்லுங்க, என்றாள் இவள், மகள் சிரித்துப் புரையேறிவிட்டது. பதிலுக்கு விடுவாரா, அது சந்தேகமான இடத்தையெல்லாம் தானாகவே சிவப்பாகத் தீட்டிக் காட்டும், உங்க அம்மா மாதிரிதான், பத்துக்கு ஏழு தப்பாயிருக்கும் என்றார். அன்றைக்கே இன்னொன்றும் காட்டினார், ஓரத்தில் முழுப் படமும் சின்னதாகத் தெரிகிற ஒரு ஜன்னல், அதில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பச்சைச் சதுரம். லேபில் டாக்டர் மங்கையர்க்கரசி அந்த நிமிஷம் எங்கே பார்க்கிறாரோ அங்கே அந்தச் சதுரம் இருக்கும். கிட்டே போய்ப் பார்க்கப் பார்க்கச் சதுரம் சின்னதாகும். படம் மெதுவாக வருகிறது என்று புகார் வந்தால் இங்கிருந்தே பார்ப்பதற்காம். அந்தம்மா கெட்டிக்காரி, சும்மா இருக்கிற சதை மேலே பாயிண்ட் டு பாயிண்ட் பஸ் மாதிரி நிக்காமப் போவாங்க, நின்னாங்கன்னா அங்கே ஏதோ இருக்கு என்றார். யாருடைய சதையோ, யாருடைய அம்மாவோ, நாமெல்லாம் சாம்பார் ஊற்றிக்கொண்டே பார்த்தோம்.

லேபுக்கு நேற்றும் போன் செய்தாள். அந்தப் பெண் தேன் ஒழுகுகிற குரலில், இன்னும் டாக்டர் பார்க்கலை மேடம் என்றாள். சனிக்கிழமையும் அதே தேன். ஒரு வாரமாகப் பார்க்காமல் என்ன கிழிக்கிறார்கள், பார்த்தாயிற்று, பார்த்து இந்த மனுசனிடம் சொல்லியாயிற்று, அவர் பக்குவமாகச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பக்குவம். இட்லி மாவா இது, புளிக்க வைக்க. இவள் தஞ்சாவூர் கான்வென்ட் ஹாஸ்டலில் ஏழு வருஷம் இருந்தவள், பிரித்து ஒட்டின கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்வாள். வீட்டிலிருந்து வருகிற கடிதத்தையெல்லாம் வார்டன் சிஸ்டர் எமரென்ஷியா கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப ஒட்டித்தான் கொடுப்பார். பிரிக்கவில்லை என்று வேறு சொல்வார், வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு சொல்வார். ஒருமுறை ஒட்டினதில் பசை வழவழவென்று இருக்கும், இரண்டாம் முறை ஒட்டினதில் விரலுக்கு ஒரு வரப்பு தட்டும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா எழுதியிருந்த கடிதம் இவள் கைக்கு வந்தபோது இரண்டு வரப்பு இருந்தது. பரீட்சை முடியட்டும் என்று மூன்று வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். பரீட்சை முடிந்துவிட்டது, அப்பாவும் முடிந்துவிட்டார். பரீட்சையில் இவள் வகுப்பில் இரண்டாவது. அன்றிலிருந்து எதையும் தடவித்தான் பார்க்கிறாள், மகள் ரொம்பச் சிரித்துப் பேசினால் தடவுகிறாள், மீன்காரி சொன்னவுடனே விலையைக் குறைத்தால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாள், இப்போது இருபத்தாறு வருஷத்து முதுகில் அந்த வரப்பு தட்டுகிறது.

ஒன்பதாவதில் அதே கான்வென்ட்டில் மைக்ராஸ்கோப். வெங்காயத் தோல். நாற்பத்திரண்டு பெண்களுக்கு ஒரே மைக்ராஸ்கோப், வரிசையில் போய்க் குனிய வேண்டும், சிஸ்டர் பத்து எண்ணுவதற்குள் பார்த்துவிட வேண்டும். இவள் குனிந்தபோது கறுப்பாக, கோரைப்புல் மாதிரி, தடித்தடியாக ஏதோ ஆடியது. தன்னுடைய இமைமயிர்தான் அது என்று புரிவதற்குள் பத்து முடிந்துவிட்டது. பார்த்தாயா என்றார் சிஸ்டர். பார்த்தேன் சிஸ்டர். புத்தகத்தைப் பார்த்து வரைந்து, செங்கல் செங்கலாக அடுக்கி, நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்து, பத்துக்கு ஒன்பதரை. பார்க்காத ஒன்றை இவ்வளவு அழகாக வரையலாம் என்றால் அந்த லேபில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எதைத்தான் வரைய மாட்டார்கள். குளிக்கும்போது கை தானாக அங்கே போகிறது. பட்டாணி அளவு என்று முதலில் நினைத்தது இப்போது கொண்டைக்கடலை மாதிரி இருக்கிறதா, அல்லது விரல்தான் அப்படிச் சொல்கிறதா, தினமும் நாலு தடவை அழுத்தினால் இல்லாத கட்டியும் வரும், ஊசி போட்ட இடம் வேறு பச்சையும் மஞ்சளுமாகக் கன்றி, அழுகின கொய்யா மாதிரி. நெத்திலி கையில் வழுக்கியது. இத்தனூண்டு உடம்பு, நகத்தால் கீறினால் திறந்துகொள்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது, எந்த மென்பொருளும் வேண்டாம்.

ஷோகேஸ் கண்ணாடியில் படம் சின்னதானது. முதுகு கொஞ்சம் விலகியது, தலையைச் சொறிந்தார், அப்போது முழுப் படமும் கண்ணாடியில் விழுந்தது. வெள்ளைப் பரப்பில் ரோஸ் நிறத்தில் சேமியா. பாயசத்துக்கு வறுத்து வைத்த சேமியா மாதிரி மெல்லிசாக, கொஞ்சம் வளைந்து. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது நடுவில் ஒடிந்து, ஒடிந்த துண்டு தனியாக இன்னொரு பக்கம் தள்ளிக் கிடந்தது. ஹில்டா நெத்திலியைக் கீழே வைத்தாள். வேறு எவளுக்கும் நாலு எடுத்திருக்க மாட்டார்களா, ஒடிந்திருக்காதா, ஒடியும், ஊரில் எத்தனை மார்பு. ஆனால் டக் டக் டக் டக் என்று காதுக்குள் கேட்டது, நாலாவதற்குப் பின்னால் அந்தப் பெண்ணின் குரலும் கேட்டது. கண்ணாடியில் விழுவது இடம் வலமாக மாறித்தான் தெரியும். என்னைத்தான் திருப்பிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள், அப்படி நினைத்ததில் ஒரு நிமிஷம் சிரிப்புக்கூட வந்தது. அவர் கைபேசி அதிர்ந்தது. வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று எப்போதும் போல பால்கனிக்குப் போனார், போகிற அவசரத்தில் படத்தை மறைக்க மறந்துவிட்டார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திக்கொண்டது ஏன் என்று இவள் கேட்கப்போவதில்லை, எதிர்வீட்டில் டைல்ஸ் வெட்டுகிற சத்தம், அதற்காக இருக்கலாம், இருக்கட்டும்.

கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். கிட்டத்தில் படம் கண்ணைக் குத்துகிற மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாவது சேமியாவின் நடுவில் சிவப்பாக ஒரு திட்டு, குங்குமம் கொட்டி ஈரக்கையால் இழுத்துவிட்ட மாதிரி. ஓரத்தில், லேபில் ஒட்டுகிற சீட்டைக் காட்டுகிற பொத்தான். இதையும் அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னார், எங்க கைக்கு வர்றப்ப யாரு என்னன்னு சீட்டு தெரியாது, மறைச்சுத்தான் வரும், லேபோட கணக்குல உள்ள போனாத்தான் தெரியும் என்று. மவுஸை நகர்த்தி அழுத்தினாள். சீட்டு திறந்துகொண்டது. எம் 3184. பின்னால் திரும்பி ஃபிரிஜ் கதவைப் பார்க்கத் தேவையே இல்லை, வேளாங்கண்ணி மாதா காந்தத்துக்கு அடியில் தொங்குகிற ரசீதில் ஒரு வாரமாக அந்த எண்ணைத்தான் ஜெபமாலை மாதிரி படித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று ஒன்று எட்டு நான்கு. சந்தேகப்பட்டது சரியாகப் போனால் ஒரு திருப்தி வரும், வழக்கமாக வரும், அதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள், அது வரவில்லை.

பால்கனிக் கதவு இழுபடுகிற சத்தம். அவர் முதலில் திரையைப் பார்த்தார், பிறகு மவுஸின் மேல் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்தார், கடைசியாகத்தான் இவளைப் பார்த்தார்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“வியாழக்கிழமையிலேர்ந்து.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க. மறைக்காம சொல்லுங்க, நான் ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல.”

“அவங்க இன்னும் பாக்கல ஹில்டா.”

தேன் ஒழுகுகிற அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். இதுதான் முதலில் இவள் தலையில் ஏறியது, எவ்வளவு அற்பமான விஷயம், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்றுகூட ஓடியது. இருதயராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வியாழக்கிழமை படம் வந்ததும் லேப் கணக்கில் நுழைந்து எண்ணைப் பார்த்துத் தானே திறந்திருக்கிறார், திறக்கக் கூடாது, திறந்துவிட்டார். திறந்தால் நடுவில் அந்தச் சிவப்பு. சிவப்பு விழுந்த இடத்தில் படமும் மங்கலாக இருந்திருக்கிறது. துண்டுகளைச் சேர்க்கிற இடத்தில் ஏதோ கோளாறு, கோளாறு உள்ள படத்தைச் சந்தேகப்படுகிற மென்பொருளிடம் கொடுத்தால் அது வேறென்ன செய்யும், சிவப்பாகத்தான் தீட்டும் என்று நினைத்திருக்கிறார். படத்தில் தப்பு இருக்கிறது என்று தன் பேரிலேயே ஒரு புகார் எழுதிவிட்டார். புகார் உள்ள படம் டாக்டரின் வரிசைக்குப் போகாது, புகார் தீர்கிற வரைக்கும் நிற்கும். அந்தத் தப்பைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, சிவப்பு போனபிறகு அனுப்பலாம் என்று, வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள்.

“கண்டுபிடிச்சீங்களா?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு, பரீட்சையில் தோற்றுவிட்டு வந்த பையன் அப்பாவிடம் மார்க் சொல்கிற மாதிரி, “ஒரு தப்பும் இல்ல,” என்றார். “அந்த இடத்துத் துண்டையெல்லாம் பிரிச்சுச் சேத்துப் பாத்துட்டேன். சாஃப்ட்வேர் சரியாத்தான் இருக்கு.”

எக்சாஸ்ட் ஃபேன், உப்பு ரசம், ஞாயிற்றுக்கிழமைக் கை. இருபது வருஷமாகத் தன் வேலையில் ஒரு குறை என்று எவனாவது சொன்னால் ராத்திரி தூங்காத மனுசன், இந்த அஞ்சு நாளாகத் தன் வேலையில் ஒரு குறை இருக்காதா என்று முதுகு வலிக்கத் தேடியிருக்கிறார். அடிக்கலாம் போல வந்தது, உண்மையாகவே கை எழும்பியது, அஞ்சு நாள், அது உள்ளே என்னவாக இருந்தாலும் அஞ்சு நாள் அதற்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறார். சிஸ்டர் எமரென்ஷியாவாவது பரீட்சைக்காக வைத்திருந்தார். ஆனால் அவர் சட்டைப் பித்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது, அதை இவள் காலையிலிருந்து முதுகுப் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

“புகாரை எடுங்க,” என்றாள். “இப்பவே. நான் நிக்கிறப்பவே எடுங்க.”

எடுத்தார். இரண்டு தட்டல்தான், அஞ்சு நாளுக்கு இரண்டு தட்டல். படம் வரிசைக்குப் போய்விட்டது. அவசரம் என்று ஒரு குறிப்பும் போடச் சொன்னாள், போட்டார். அவள் போய்க் குக்கரை ஏற்றிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலைத் தேய்த்துத் திரும்பக் கழுவி, ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நெத்திலியை எறும்பு மொய்க்கட்டும். முதல் விசில் வந்தபோது ஓரத்து ஜன்னலில் பச்சைச் சதுரம் வந்தது. டாக்டர் மங்கையர்க்கரசி பார்க்கிறார் என்று கீழே எழுத்து. இருதயராஜ் இவள் கையைத் தேடினார், எலுமிச்சை வாசனையோடு கொடுத்தாள். சதுரம் முதல் சேமியாவின் நுனியில் ஏறி, நிற்காமல், இதோ வந்துவிட்டேன் என்கிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. எங்கேயோ தில்லைநகரில் ஏ.சி. அறையில் முன்பின் பார்த்திராத ஒரு பொம்பளை, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கலாம், இவளுக்குள்ளே நடந்துபோகிறாள். வெட்கமாக இருந்தது. கலைந்துகிடக்கிற வீட்டுக்குள் சொல்லாமல் விருந்தாளி வந்துவிட்ட வெட்கம். இரண்டாவது சேமியா. சிவப்புத் திட்டு. சதுரம் அதன் மேல் ஏறி நின்றது, அவர் விரல்கள் இறுகின, கொஞ்சம் சின்னதானது, இப்படியும் அப்படியும் ஒரு அசைவு. பிறகு பெரிதாகி, விட்டுவிட்டுப் போயிற்று. அங்கே ஒரு குறிப்பு முளைத்தது. மடிப்பு.

“மடிப்பு,” என்றார் இருதயராஜ். “சதை மடிஞ்சு ஒட்டிருக்கு, அவ்வளவுதான். கண்ணாடியில ஒட்டுறப்ப மடிஞ்சிருக்கு. அதான் மங்கல், அதான் சிவப்பு. நான் என்னத்தைத் தேடிருக்கேன் பாரு, மடிப்புக்குப் போயி. ரொம்ப நிக்காமப் போயிட்டாங்க, பாத்தியா நீ?”

பார்த்தேன் என்றாள். அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே மகள் ஜெனிட்டாவிடம் இதைச் சொன்னால் ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ணுவாள் என்றார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் சாயம்தான். சதுரம் மூன்றாவதைத் தாண்டியது. நாலாவதைத் தாண்டியது. தனியாகத் தள்ளிக் கிடந்த அந்த ஒடிந்த துண்டுக்குப் போயிற்று. அந்தத் துண்டில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை, சந்தேகப்படுவதற்கென்றே செய்த மென்பொருள் அதைச் சந்தேகப்படவில்லை, அஞ்சு நாளாக இவர் அங்கே போகவேயில்லை, காலையிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த இவளும் அதை எண்ணினாளே தவிரப் பார்க்கவில்லை. சதுரம் அங்கே நின்றது. சின்னதானது. இன்னும் சின்னதானது. மிளகு அளவுக்கு, கடுகு அளவுக்கு. நகரவில்லை.

இரண்டாவது விசில் வந்தது. ஹில்டா எழுந்து அவருக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். குனிந்து, மாறி மாட்டியிருந்த அவர் பித்தானைக் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

“எந்திரிங்க. இன்னொரு விசில் வந்ததும் குக்கரை நிறுத்துங்க. அப்படியே ரெண்டு காபி போட்டு எடுத்துட்டு வாங்க, எனக்குச் சக்கரை கம்மியா.”

“நானா?” என்றார், ஆனால் எழுந்துகொண்டார், இவள் இடுப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏதோ சர்ச் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போனார். ஹில்டா அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முதுகின் சூடு அதில் இன்னும் இருந்தது. திரைக்குக் கிட்டே குனிந்தாள். யாரும் பத்து எண்ணவில்லை. இமைமயிர் குறுக்கே வரவில்லை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, பச்சையாக ஒரு கடுகு, அது நின்றது நின்றபடி இருந்தது. சமையலறையில் மூன்றாவது விசிலும் அடங்கி, அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பா எங்கேயென்று அவருக்குத் தெரியாது, இருபத்தாறு வருஷமாகத் தெரியாது. ஹில்டா, சக்கரை எங்க, என்று குரல் வந்தது. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது, கை நீட்டினால் கிடைத்துவிடும். இவள் சொல்லவில்லை. தேடட்டும், சீட்டியடித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்.